ஒரு கட்டம் முந்தி

மிஸ்டர் பிரெக்கி,
இன்று காலை உங்கள் வண்டி எடைமேடையில் ஏறியபோது
சன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தது நான்தான்.
வெறும் வண்டி ஒருமுறை,
சூரியகாந்தி விதையோடு ஒருமுறை;
கழித்துப் பார்த்தால் நூற்றெண்பது பவுண்டு.
அத்தனையும் குருவிகளுக்கா என்று கேட்கவில்லை.
"குளிர் கொஞ்சம் விட்டிருக்கு" என்றீர்கள்.
மைனஸ் இருபத்திரண்டு.
"ஆமாம்" என்றேன்.

சொல்ல நினைத்தது அதுவல்ல.
அதனால் இப்போது
எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

எனக்குக் கிளாரினெட் ஆசை. மாதம் பதினெட்டு டாலர் வாடகை.
அந்த வருஷம்தான் அப்பா
பீட் கிழங்கு நிலத்தை வங்கியிடம் விட்டிருந்தார்.
படிவத்தில் நான் காலியாக விட்ட இடத்தைப் பார்த்தீர்கள்.
அலமாரி உச்சியிலிருந்து
இரண்டு தாளத்தட்டுகளை இறக்கி,
"இதற்கு வாடகை இல்லை.
தோள்வலி மட்டும்தான்" என்றீர்கள்.

நல்ல மனிதர் என்று அப்போது தோன்றவில்லை.
வெங்காய சாண்ட்விச் வாசனையோடு
டிராம்போன் பையன்கள்மேல் பாய்வீர்கள்.
டார்லா என்ற என் பெயரை
முழுசாய் ஒரு வருஷம் டோனா என்றீர்கள்.

தாளத்தட்டுக்காரிக்கு வாசிப்பது குறைவு,
நிற்பது அதிகம்.
முப்பத்தெட்டுக் கட்டம் சும்மா.
பிறகு ஒரு அடி.
பிறகு அறுபது கட்டம் சும்மா.
உதடு அசையாமல் எண்ணுவேன்,
கடன்காரன் வாசலில் நிற்கையில்
வீட்டுக்குள் மூச்சடக்கி எண்ணியதுபோல.

அந்த டிசம்பர் கச்சேரி.
கூடைப்பந்து வளையத்தை மேலே மடக்கிக் கட்டிய ஜிம்.
மெழுகுத் தரையில் ஊரே பூட்ஸோடு.
நூற்றுப் பதினைந்தாம் கட்டத்தில்
எல்லோரும் அடங்கிவிட வேண்டும்;
ட்ரூடியின் புல்லாங்குழல் மட்டும்
நூலாய் மெலிந்து, மெலிந்து...

நான் அடித்தேன்.

ஒரு கட்டம் முந்தி.
முழு பலத்தோடு.
ட்ரூடி தூக்கிவாரிப் போட்டு நின்றாள்.
பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது.
என் கைகள் இரண்டும் அந்தரத்தில்,
தட்டுகள் இன்னும் அதிர்ந்துகொண்டே,
அடக்கவும் தெரியாமல்.

நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை.
வெகுநேரம் காத்திருந்த விருந்தாளி வந்ததுபோல
இடது கையை டிராம்போன்கள் பக்கம் விரித்தீர்கள்.
திட்டு வாங்கிப் பழகிய பையன்கள் பாய்ந்து வந்தார்கள்.
மொத்த பேண்டும் பின்னாலேயே வந்தது.
அப்புறம் பழக்க தோஷம்,
சரியான இடத்திலும் ஒருமுறை அடித்துவைத்தேன்.

"அந்த முதல் இடி இருக்கே, அபாரம்" என்றார்
ஆலங்கட்டிக் காப்பீடு விற்கும் லுண்ட்க்விஸ்ட்.
நான் கழிப்பறையில் இருந்தேன்.

மறுநாள் என் இசைத்தாளைத் திறந்தால்
நூற்றுப் பதினைந்தில் பென்சிலால் ஒரு குறி.
அச்சடித்த குறிகளைவிடக் கொஞ்சம் பெரிது.
அடியில் ஒரு சொல்: "பலமாக."
அதைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
அந்தப் பருவத்துக்கு பி மைனஸ் போட்டீர்கள்.

இது நடந்து இருபத்துமூன்று வருஷம்.
போன வாரம் என் மகள் பிரின்
சாப்பாட்டு மேஜையில் இரண்டு மூடிகளைத் தட்டியபடி,
"அம்மா, இந்த இடத்தில் அடி வரவே கூடாது.
இணையத்தில் எந்த பேண்டும் அடிப்பதில்லை.
யாரோ பென்சிலில் போட்டிருக்கிறார்கள்.
மிஸ் ஓர்டேகாவிடம் கேட்டேன்,
இந்த ஊரில் இப்படித்தான் வாசிப்பார்கள் போல, அழிக்காதே என்றார்."

உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே இருந்தேன்.
உரித்ததையே மறுபடி உரித்தேன்.
எத்தனை பிள்ளைகள், எத்தனை டிசம்பர்,
என் தவறை எண்ணி, காத்திருந்து,
சரியாக அடித்திருக்கிறார்கள்!

எதிலும் ஒரு கட்டம் முந்துகிறவள்
இதில் மட்டும் இவ்வளவு பிந்திவிட்டேன்.
இது நாலாவது சீட்டு. வெளியே லாரி ஹாரன் அடிக்கிறான்.

வியாழக்கிழமை ஏழு மணிக்குக் கச்சேரி.
வண்டியை ஜிம்முக்குப் பின்னால் நிறுத்துங்கள்;
முன்பக்கம் இன்னும் பனி வாரவில்லை.